நடுநிசிச் சாப்பாடும் காலைச் சர்க்கரையும்

நேயர்களுக்கு வணக்கம். என்ன சாப்பிட்டீர்கள், எவ்வளவு சாப்பிட்டீர்கள் என்று சர்க்கரை நோயாளிகளை நாங்கள் துருவித் துருவிக் கேட்போம். எத்தனை மணிக்குச் சாப்பிட்டீர்கள், எவ்வளவு நேரம் தூங்கினீர்கள் என்று கேட்பது குறைவு. அதையும் கேட்க வேண்டும் என்பது என் கட்சி.

1999-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தார் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். நோய்நொடி இல்லாத 11 இளைஞர்கள். தொடர்ந்து 6 இரவுகள், இரவுக்கு 4 மணி நேரம்தான் படுக்கை. பிறகு ரத்தத்தில் குளுக்கோஸ் ஏற்றிப் பார்த்தால், நன்றாகத் தூங்கிய நாட்களைவிடச் சர்க்கரை இறங்கும் வேகம் சுமார் 40 சதவீதம் குறைவு. ஒரே வாரத்தில்! வீட்டில் ஒரு கல்யாணம் வந்தால் நாமெல்லாம் கெடுத்துக்கொள்கிற தூக்கம்தானே அது.

தூக்கத்தின் அளவு ஒரு பக்கம். வேளை தப்புவது இன்னொரு பக்கம். மூளையில், பார்வை நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, சுமார் 20,000 நரம்புச் செல்கள் கூடியிருக்கின்றன. வெளிச்சத்தை வைத்து உடம்புக்கு நேரம் குறிப்பவை அவை. கல்லீரலுக்குத் தனிக் கடிகாரம் உண்டு. அது சாப்பாட்டு வேளையைப் பார்த்தும் நகரும். இரவு 2 மணிக்கு பரோட்டாவும் சால்னாவும் உள்ளே போனால், கல்லீரல் பகல் என்று நினைக்கும், மூளை இரவு என்று சொல்லும். போதாக்குறைக்கு, இருட்டியதும் சுரக்கிற மெலடோனின் என்ற ஹார்மோன் கணையத்தின் இன்சுலின் சுரப்பையும் மட்டுப்படுத்தும். அதே பரோட்டா, அதே அளவு. சர்க்கரை மட்டும் கூடுதல்.

அப்படியானால் நைட் ஷிப்ட்காரர்கள் என்ன செய்வது? 2021-இல் பாஸ்டன் ஆய்வாளர்கள் 19 பேரைச் சோதனைக்கூடத்தில் வைத்து, இரவுப் பணிபோல் விழிக்க வைத்தார்கள். இரவிலும் சாப்பிட்டவர்களுக்குச் சராசரி குளுக்கோஸ் 6.4 சதவீதம் ஏறியது. பகலில் மட்டும் சாப்பிட்டவர்களுக்கு அப்படி ஏறவில்லை. சின்னக் கூட்டம்தான், மில்லில் எட்டு மணி நேரம் நின்று வேலை பார்ப்பவரின் பசியும் அந்தக் கூடத்தில் இல்லை. ஆனாலும், பெரிய சாப்பாட்டை ஷிப்டுக்குக் கிளம்பும் முன்பே முடித்துவிட்டு, நடுநிசியில் சுண்டலோ மோரோ போதும் என்று நான் சொல்வது இதை வைத்துத்தான். இன்சுலின் போடுகிறவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் வேளையை மாற்ற வேண்டாம், தாழ்சர்க்கரை வந்துவிடும்.

இன்னொன்று. ஷிப்ட் முடிந்து நேராக லேபுக்குப் போய், வெறும் வயிறு என்று ரத்தம் கொடுப்பார்கள். விடியற்காலை 4 மணிக்குப் பால் டீ குடித்தது கணக்கிலேயே இருக்காது. முந்தைய இரவு கண் விழித்ததையும் அந்த டீயையும் ரிப்போர்ட் காட்டும்போது டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். வணக்கம்.