ஆற்று மீனின் நடைகள்

குதிரை நடக்கும், ஓடும், நாலுகால் பாய்ச்சலில் பறக்கும். மீனுக்கும் நடைகள் உண்டு. நீலகிரி அவலாஞ்சியில் வளர்க்கிறார்களே, வானவில் ட்ரவுட், அதையே எடுத்துக்கொள்வோம்.

தோலை உரித்தால் பக்கக்கோட்டை (உடலின் இருபுறமும் தலையிலிருந்து வால்வரை ஓடும் கோட்டை) ஒட்டி மெல்லிய சிவப்புப் பட்டை தெரியும். அது செந்தசை, ஆக்சிஜனில் இயங்கி மணிக்கணக்காக வாலை அசைக்கும். நாம் ருசித்துச் சாப்பிடுகிற மீதியெல்லாம் பெரும்பாலும் வெண்தசை. ஆக்சிஜனுக்குக் காத்திராமல் தசையில் சேமித்த சர்க்கரையான கிளைக்கோஜனைச் சிதைத்து விசை தரும், ஆனால் முழுவீச்சில் 20 விநாடி தாங்காது. களைப்புத் தீர மணிக்கணக்காகும்.

நீரை ஓடவிட்டு மீனை எதிர்நீச்சல் போடவைக்கும் சோதனைத் தொட்டியில் நீரின் வேகத்தைக் கூட்டக் கூட்ட வால் அடிப்பும் கூடும். ஒரு கட்டத்தில் சீரான நீச்சல் உடையும். மீன் சில அடி ஓங்கி அடித்து முன்னேறும், உடலை நேராக்கிக்கொண்டு பின்னால் வழுக்கும், மறுபடி அடிக்கும். வெண்தசை களத்தில் இறங்கிவிட்டது.

மீன் தாங்கி நீந்தக்கூடிய உச்ச வேகமே எல்லை வேகம். அதைக் கணக்கிடும் முறை 1964இல் கனடாவில் ஆய்வாளர் ப்ரெட் தந்தது. அரை மணிக்கு ஒருமுறை விநாடிக்கு 10 செ.மீ. கூட்டுகிறோம் என்று வையுங்கள். மீன் 60இல் முழு அரை மணி நின்றது, 70இல் 12ஆம் நிமிடம் தொட்டியின் பின்முனையில் உள்ள வலையில் சாய்ந்தது. 60உடன் 10இல் 12/30 பங்கைக் கூட்டினால் 64.

இந்த எண்ணை அப்படியே நம்பிவிடாதீர்கள். தொட்டி குட்டையாக இருந்தால் அடித்து வழுக்க இடமில்லை. மீன் சீக்கிரம் தோற்கும், எண் குறையும். சுவரோரம் ஓட்டம் மெதுவாக இருந்தால் மீன் அங்கே ஒதுங்கி நம்மை ஏமாற்றும், எண் ஏறும். மீனின் குறுக்குப்பரப்பு தொட்டியினுடையதில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால், நெருக்கப்பட்ட நீர் அதைச் சுற்றி வேகமெடுக்கும்; அதையும் கணக்கில் திருத்த வேண்டும்.

ஆறு தொட்டியல்ல, அதில் கல் கிடக்கிறது. கல்லின் பின்னால் சுழல்கள் இடமும் வலமுமாக மாறி மாறிப் பிரியும். 2003இல் ஆய்வாளர் லியாவோவின் குழுவினர் 5 செ.மீ. அகல அரை உருளையின் பின்னால் ட்ரவுட்டை விட்டார்கள். சுழல் பிரியும் தாளத்துக்கே அது உடலை வளைத்தது. முன்பக்கச் செந்தசை மட்டுமே வேலை செய்தது. இப்படி மாறி மாறிப் பிரியும் சுழல்களை ஆராய்ந்த கார்மனின் பெயரால் இதற்குக் கார்மன் நடை என்று பெயர். 2006இல் வெளிவந்த இன்னொரு சோதனையில், இப்படிப்பட்ட சுழல்களில் விட்ட செத்த ட்ரவுட்கூட எதிரே முன்னேறியது!

அணை போன்ற தடுப்பை மீன் ஏறிக் கடக்க மீன்படி கட்டுவோர் போட வேண்டிய கணக்கு இதுதான். நீர் விநாடிக்கு 1.5 மீட்டர், மீனின் பாய்ச்சல் 2 மீட்டர் என்றால் மிச்சம் அரை மீட்டர். 10 விநாடிப் பாய்ச்சலில் அது கடப்பது 5 மீட்டர். அதற்குள் இளைப்பாற ஒரு குட்டை வந்தாக வேண்டும்.