ஒற்றை வளையல்

நடுவர் அவர்களே, கெங்கையம்மன் திருவிழாவுக்குத் திரண்டிருக்கும் குடியாத்தம் மக்களே, வணக்கம். போர்க்காலச் சுவரொட்டியைப் பார்த்து மக்கள் அரசாங்கக் கடன் பத்திரம் வாங்கியது அச்சத்தாலா, அன்பாலா? அன்பால்தான்!

எதிரணி அண்ணன் என்ன சொன்னார்? "அந்தப் போஸ்டரால் பலனடைந்தது மாடு மட்டும்தான், பசையோடு சேர்த்துத் தின்றது" என்றார். நீங்களும் கை தட்டினீர்கள். சரி அண்ணே, இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவில் நார்மன் ராக்வெல் ஒரு படம் வரைந்தார். தூங்குகிற இரண்டு பிள்ளைகளுக்கு அம்மா போர்வையை இழுத்து விடுகிறாள். அப்பா கையில் குண்டுவீச்சுச் செய்தி வந்த பத்திரிகை. அவ்வளவுதான் படம். அதோடு சேர்த்து அவர் வரைந்த 4 படங்களை ஊர் ஊராகக் கொண்டுபோய்க் காட்டி, 13 கோடி டாலருக்கு மேல் பத்திரம் விற்றார்கள். 25 சென்ட் சேமிப்பு ஸ்டாம்ப் 75 சேர்த்தால் 18.75 டாலர், ஒரு பத்திரம். சின்னப் பிள்ளைகள் ஆல்பத்தில் ஒட்டி ஒட்டிச் சேர்த்தார்கள். மாடு தின்ற மிச்சமா அண்ணே இது?

அமெரிக்காவை விடுங்கள், நம்ம கம்மவான்பேட்டைக்கு வாருங்கள். பட்டாளத்து ஊர், என் பாட்டி ஊர். 1965, பாகிஸ்தான் போர். பெரியப்பா எல்லையில் இருக்கிறார். தங்கம் கொடுத்தால் 15 வருடம் கழித்துத் தங்கமாகவே திருப்பித் தருகிற பத்திரத்தை அக்டோபரில் அரசாங்கம் கொண்டுவந்தது. சுவரில் நோட்டீஸ், அதில் ஒரு ஜவான் படம். பாட்டிக்குப் படிக்கத் தெரியாது. எட்டாங்கிளாஸ் படித்த என் அப்பாவைப் படிக்கச் சொன்னாள். படித்தார். "மறுபடி படிடா." படித்தார். மூன்றாவது முறை அப்பா, "வட்டி எவ்வளவுன்னு பார்க்கணுமாம்மா?" என்று கேட்டார். பாட்டி என்ன கேட்டாள் தெரியுமா?

"வட்டி கிடக்கட்டும். இந்தப் புள்ள ஸ்வெட்டர் போட்டுனு கீறானா பாரு."

ஸ்வெட்டர், நடுவர் அவர்களே! படத்தில் இருக்கிறவனுக்குக் குளிருமே என்று கவலைப்பட்டவளைப் பயந்தவள் என்கிறாரே அண்ணன்!

வலது கையில் கிடந்த இரண்டு வளையலில் ஒன்றைக் கழற்றிக் கொடுத்தாள். இரண்டு இருந்தால் கலகலக்கும். ஒற்றை வளையல் சத்தம் போடாது. நான் பிறந்து வளர்ந்தபோதெல்லாம் பாட்டி சத்தமில்லாமல்தான் நடந்தாள்.

1980இல் தங்கம் திரும்பி வந்தது. ஆசாரி புது வளையல் செய்து கொடுத்தார். மறுநாள் காலையில் அடுப்படிப் பக்கம் கலகலவென்று ஒரு சத்தம். யாரோ விருந்தாளி என்று எழுந்து ஓடினேன். பாட்டி நின்றிருந்தாள்.