இரைச்சலுக்கு நடுவே ஈர்ப்பு அலை

நேயர்களுக்கு வணக்கம்.

2015ஆம் ஆண்டு செப்டம்பர் 14ஆம் நாள். அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில், லிவிங்ஸ்டன் என்னும் ஊரின் காட்டுக்கு நடுவே நிற்கும், ஈர்ப்பு அலைகளைத் தேடும் லைகோ ஆய்வுக் கருவியில், விடியற்காலை 4 மணி 50 நிமிடத்திற்கு ஒரு மெல்லிய நடுக்கம் பதிவாயிற்று. நொடியில் ஆயிரத்தில் 7 பங்கு கழிந்ததும், அங்கிருந்து 3,000 கிலோமீட்டர் தொலைவில், வாஷிங்டன் மாநிலத்தின் ஹேன்ஃபோர்டில் உள்ள அதன் இணைக் கருவியிலும் அதே நடுக்கம், அதே வடிவில், பதிவாயிற்று. அது நீடித்தது ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரம்தான்.

சூரியனைப்போல் 36 மடங்கும் 29 மடங்கும் நிறையுள்ள இரண்டு கருந்துளைகள் ஒன்றையொன்று சுற்றிச் சுழன்று, கடைசியில் மோதி ஒன்றாகிவிட்டன என்பதுதான் அந்த நடுக்கம் கொண்டுவந்த செய்தி. இது நிகழ்ந்தது ஏறத்தாழ 130 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. பிறந்த புதிய கருந்துளையின் நிறை 62 சூரியன்கள். 36ஐயும் 29ஐயும் கூட்டினால் 65 வரவேண்டுமே என்று நீங்கள் கேட்கலாம். அந்தக் குறையும் 3 சூரியன்களின் நிறைதான் ஈர்ப்பு அலையாக மாறி எங்கும் பரவிற்று. அந்த ஒரு கணத்தில் வெளிப்பட்ட ஆற்றல் வீதம், நாம் காணக்கூடிய பேரண்டத்தின் அத்தனை விண்மீன்களும் சேர்ந்து வீசும் ஒளியைவிட அதிகம்.

இத்தகைய அலைகள் இருக்கவேண்டும் என்று ஐன்ஸ்டீன் 1916இல் எழுதினார். 1936இல் அவரே மனம் மாறி, அவை இல்லை என்று ஒரு கட்டுரை எழுதி, அதில் இருந்த பிழை தெரியவந்தபின் முடிவைத் திருத்திக்கொண்டார். கோட்பாட்டை வகுத்தவருக்கே இவ்வளவு தடுமாற்றம் என்றால், கருவி செய்யப் புறப்பட்டவர்களின் பாடு எப்படி இருந்திருக்கும் என்பதைச் சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன். ஏனெனில், அலையைக் கேட்டதைவிட, கேட்டது அலைதான் என்று உறுதிசெய்துகொண்ட விதமே எனக்குப் பெரிய செயலாகத் தோன்றுகிறது.

ஈர்ப்பு அலை கடந்து செல்லும்போது, பொருள்கள் இருக்கும் இடவெளி தானே ஒரு திசையில் நீளும், அதற்குக் குறுக்கான திசையில் சுருங்கும். அந்த வேறுபாடு எவ்வளவு தெரியுமா? பூமிக்கும் சூரியனுக்கும் இடையே உள்ள 15 கோடி கிலோமீட்டர் தொலைவு ஓர் அணுவின் அகலம் அளவுக்கு மாறுவதாக வைத்துக்கொண்டால் விகிதம் சரியாக இருக்கும். லைகோவில் 4 கிலோமீட்டர் நீளமுள்ள இரண்டு குழாய்கள் ஒன்றுக்கொன்று செங்குத்தாக நீண்டு கிடக்கின்றன. காற்று முழுவதும் உறிஞ்சி எடுக்கப்பட்ட அந்தக் குழாய்களுக்குள், ஒரே லேசர் ஒளி இரண்டாகப் பிரிந்து சென்று, கோடியில் தொங்கும் கண்ணாடிகளில் பட்டு, பலமுறை போய்த் திரும்பி, மீண்டும் ஒன்றுசேர்கிறது. சேரும் இடத்தில் இரண்டு ஒளிக்கதிர்களும் ஒன்றையொன்று அழித்து இருளாக்கும்படி அமைத்திருக்கிறார்கள். ஒரு குழாயின் நீளம் அணுவளவு அன்று, அணுவின் கருவில் உள்ள ஒரு புரோட்டானின் அகலத்தில் சில நூறில் ஒரு பங்கு மாறினாலும், அந்த இருளில் சிறிது ஒளி கசியும். அந்தக் கசிவுதான் அளக்கப்படுகிறது.

இவ்வளவு நுண்ணிய காதுக்குக் கேட்காதது எதுவும் இல்லை என்பதே இதன் தொல்லை. 40 கிலோ எடையுள்ள கண்ணாடி ஒவ்வொன்றையும், அரை மில்லிமீட்டருக்கும் குறைந்த தடிமனுள்ள கண்ணாடி இழைகளில், ஊசலுக்குக் கீழ் ஊசலாக நான்கு அடுக்கில் தொங்கவிட்டும்கூட, தொலைவில் ஓடும் தொடர்வண்டி, காட்டில் வெட்டுண்டு விழும் மரம், கரையில் மோதும் கடலலை எல்லாம் அதில் பதிகின்றன. ஹேன்ஃபோர்டில் 2017ஆம் ஆண்டுக் கோடையில், காரணம் புரியாத திடீர் அதிர்வுகள் சில பதிவாகிக்கொண்டே இருந்தன. தேடிக்கொண்டு போனவர்கள், குளிர்ந்த நைட்ரஜன் செல்லும் குழாய் ஒன்றின்மீது படிந்திருந்த பனியில் அலகால் கொத்திய தடங்களைக் கண்டார்கள். பாலைநிலத்து வெயிலில் தாகமெடுத்த அண்டங்காக்கைகள், அந்தப் பனியைக் கொத்தித் தின்றிருக்கின்றன! குழாய்க்கு உறை போட்டு, பனி படியாதபடி செய்தபின்புதான் கருவிக்கு நிம்மதி.

இப்படிப்பட்ட கருவி ஒரு நாள் விடியலில் 'அலை வந்தது' என்று சொன்னால் யார் நம்புவார்கள்? அவர்களே நம்பவில்லை. பதிவை முதலில் கண்டவர் ஜெர்மனியின் ஹனோவர் நகரில் இருந்த ஓர் இளம் ஆய்வாளர். அவருக்கு முதலில் தோன்றியது, இது யாரோ வேண்டுமென்றே செலுத்திய போலிச் சமிக்ஞை என்பதுதான். அந்த ஐயத்துக்குக் காரணம் இருந்தது. 2010இல் ஒரு சிலர் மட்டும் அறிய, கருவிக்குள் ஒரு போலி அலையைச் செலுத்தி, மற்றவர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று சோதித்திருக்கிறார்கள். நூற்றுக்கணக்கானோர் பல மாதம் உழைத்துக் கட்டுரையே எழுதி முடித்தபின், 2011இல் ரகசியம் அடங்கிய உறையைப் பிரித்து, அது போலி என்று அறிவித்தார்கள். கொஞ்சம் கொடுமைதான். ஆனால் இந்தத் துறை அதற்குமுன் பட்ட அடி அப்படி. 1969இல் ஜோசஃப் வெபர், பெரிய அலுமினிய உருளைகளைக் கொண்டு ஈர்ப்பு அலையைக் கண்டுவிட்டதாக அறிவித்தார். மற்ற ஆய்வுக்கூடங்கள் அதே சோதனையைச் செய்தபோது ஒன்றும் கிடைக்கவில்லை.

2015இல் போலி எதுவும் செலுத்தப்படவில்லை என்று உறுதியானபின், அவர்கள் கருவியைத் தொடவே இல்லை. திருகாணி ஒன்றைக்கூட மாற்றாமல், அதே நிலையில் மேலும் பல நாள் ஓடவிட்டு, இரைச்சலைச் சேகரித்தார்கள். பிறகு ஒரு வேலை செய்தார்கள். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. ஒளி வேகத்தில் வரும் அலை ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்குச் செல்ல நொடியில் ஆயிரத்தில் 10 பங்குக்குமேல் ஆகாது. ஆகவே ஒரு கருவியின் பதிவை மற்றதன் பதிவோடு அதைவிட அதிக நேரம் தள்ளி ஒட்டிவைத்தால், அப்போது தென்படும் பொருத்தம் எதுவும் உண்மையான அலையாக இருக்க முடியாது. வெறும் தற்செயலாகத்தான் இருக்கும். இப்படி ஏறத்தாழ ஒரு கோடி முறை தள்ளித் தள்ளிப் பார்த்து, தற்செயல் எத்தனை முறை நம்மை ஏமாற்றும் என்று எண்ணினார்கள். இவ்வளவு வலுவான பொருத்தம் தற்செயலாக வருவது 2 லட்சம் ஆண்டுகளில் ஒரு முறைக்கும் குறைவு என்று தெரிந்தது. 2016 பிப்ரவரி 11 அன்று உலகுக்கு அறிவித்தார்கள். லைகோவை உருவாக்க வழிவகுத்த ரெய்னர் வைஸ், பேரி பேரிஷ், கிப் தோர்ன் ஆகிய மூவருக்கும் 2017இல் நோபல் பரிசு கிடைத்தது.

அதே ஆண்டு ஆகஸ்ட் 17 அன்று, இரண்டு நியூட்ரான் விண்மீன்கள், அதாவது வெடித்த பெரிய விண்மீன்களின் மிகச் செறிந்த எச்சங்கள், மோதிய அலை வந்தது. 1.7 நொடி கழித்து, ஃபெர்மி செயற்கைக்கோள் ஒரு காமா கதிர் வெடிப்பைக் கண்டது. இத்தாலியில் இருந்த விர்கோ என்னும் மூன்றாவது கருவிக்கோ அந்த அலை அனேகமாகக் கேட்கவே இல்லை. கேட்காததும் ஒரு தடயமாயிற்று. அந்தக் கருவிக்குச் செவிடான திசை எது என்பது தெரியுமாதலால், வானில் தேடவேண்டிய இடம் சுருங்கி, சில மணி நேரத்தில் தொலைநோக்கிகள் 13 கோடி ஒளியாண்டுத் தொலைவில் உள்ள ஒரு விண்மீன் கூட்டத்தில் (கேலக்ஸியில்) புதிய ஒளிப்புள்ளியைக் கண்டுபிடித்தன. தங்கம் போன்ற கனமான தனிமங்கள் இத்தகைய மோதல்களில் உருவாகின்றன என்பதற்கு அது சான்றாயிற்று.

ஓர் ஏற்றத்தாழ்வுக்கே பல ஆண்டுகள் எடுத்துக்கொள்ளும் நெடிய அலைகளுக்கான சான்றை, சீரான இடைவெளியில் துடிக்கும் பல்சார் என்னும் துடிப்பு விண்மீன்களையே கடிகாரமாக வைத்து, இந்தியா உட்படப் பல நாட்டுக் குழுக்கள் 2023இல் வெளியிட்டன. அப்போதும் 'கண்டுபிடிப்பு' என்னும் சொல்லைத் தவிர்த்து, 'சான்று' என்றே எழுதினார்கள்.

2025 ஜனவரி 14 அன்று, முதல் நிகழ்வை அப்படியே ஒத்த ஒரு மோதல் பதிவாயிற்று. ஏறத்தாழ அதே நிறைகள், ஏறத்தாழ அதே தொலைவு. ஆனால் பத்தாண்டுகளில் கருவியின் இரைச்சல் அவ்வளவு குறைந்திருந்ததால், சமிக்ஞை மும்மடங்கு தெளிவாக இருந்தது. அடித்த மணியின் ரீங்காரம் போலக் கருந்துளையும் அதிர்ந்து அடங்கும் என்று இந்திய இயற்பியலாளர் சி. வி. விஸ்வேஸ்வரா 1970இல் கணக்கிட்டுச் சொன்ன அந்த ரீங்காரம், இம்முறை தெளிவாகக் கேட்டது. அதைக்கொண்டு புதிய கருந்துளையின் பரப்பையும் அளந்தார்கள். மோதலுக்கு முன் இரண்டின் மொத்தப் பரப்பு சுமார் 2,40,000 சதுர கிலோமீட்டர். மோதியபின் சுமார் 4,00,000. கருந்துளைகளின் மொத்தப் பரப்பு ஒருபோதும் குறையாது என்று 1971இல் நிறுவியவர் ஸ்டீஃபன் ஹாக்கிங். முதல் அலையின் செய்தி கேட்டவுடனே, இதை வைத்து என் தேற்றத்தைச் சோதிக்க முடியுமா என்று அவர் கிப் தோர்னைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டாராம். அன்றைய இரைச்சலில் அதற்கு உறுதியான விடை சொல்ல முடியவில்லை. விடை வந்தபோது, ஹாக்கிங் மறைந்து ஏழு ஆண்டுகள் ஆகியிருந்தன.