தேங்காய் விற்ற பையனும் நம் வினாத்தாளும்

ஆசிரியப் பெருமக்களுக்கு வணக்கம்.

பிரேசிலில் ரெசிஃபே என்றொரு நகரம். அங்கே 12 வயதுப் பையன் ஒருவன் தேங்காய் விற்றுக்கொண்டிருந்தான். காய் ஒன்று 35 குருசெய்ரோ (அப்போதைய பிரேசில் நாணயம்). நாலு காய் என்ன விலை என்று கேட்டவரிடம், மூன்று 105, அதோடு முப்பது சேர்த்தால் 135 என்று வாய்விட்டுக் கூட்டிக்கொண்டே போய், 140 என்றான். சரியான விடை. கேட்டவர் ஆய்வுக் குழுவைச் சேர்ந்தவர். அப்புறம் ஒருநாள் அதே 35 பெருக்கல் 4-ஐத் தாளில் போடச் சொன்னார்கள். "நாலஞ்சு இருபது, கையில் ரெண்டு. ரெண்டும் மூணும் அஞ்சு. அஞ்சு நாலு இருபது." எழுதிய விடை 200!

காராஹர் தம்பதியும் ஷ்லீமனும் 1985-இல் வெளியிட்ட ஆய்வு இது. ஐந்தே பிள்ளைகள்தான். ஆனாலும் தெருவில் 100 கணக்குக்கு 98 வீதம் சரியாகச் சொன்னவர்கள், தாளில் வெறும் எண்களாகக் கொடுத்தபோது 37-தான் சரியாகப் போட்டார்கள்.

பி.எட். வகுப்பில் ஏற்புடைமை என்று படித்தோமே, ஒரு தேர்வு எதை அளக்க வேண்டுமோ அதைத்தான் அளக்கிறதா என்பது, அது இதுதான். அந்தப் பையனுக்கு அதே தாளை நான்கு முறை கொடுத்து, நான்கு முறையும் அவன் 200 என்றே எழுதினாலும் அதற்குப் பெயர் நம்பகத்தன்மை மட்டுமே. 'எழுத்துமுறைப் பெருக்கல் இவனுக்கு இன்னும் பிடிபடவில்லை' என்று சொல்ல அந்தத் தாள் போதும். 'இவனுக்குக் கணக்கே வராது' என்று சொல்ல அது போதவே போதாது. தேர்வு மதிப்பீட்டை ஆராய்ந்த சாமுவேல் மெசிக் 1989-இல் இதைத்தான் அழுத்திச் சொன்னார்: மதிப்பெண்ணை வைத்து நாம் எடுக்கும் முடிவுக்கு ஆதாரம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எத்தனை பிள்ளைகளை நாம் ஆதாரமில்லாமல் 'மக்கு' என்று கடைசி பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறோம்! எனக்கு அது இன்னும் உறுத்துகிறது.

நான் தமிழாசிரியர். என் வகுப்பில் கடிதக் கேள்வி என்றால் தெருவிளக்குக் கடிதம்தான். எல்லோருக்கும் மனப்பாடம், எல்லோருக்கும் நல்ல மதிப்பெண். எழுதத் தெரிந்துவிட்டது என்று நானும் நம்பியிருந்தேன். ஒரு காலாண்டுத் தேர்வில், தெருவில் மழைத்தண்ணீர் தேங்குவதைப் பற்றி எழுதச் சொன்னேன். பாதிப்பேர் தெருவிளக்கையே எழுதி வைத்திருந்தார்கள். எப்போதும் பத்தைத் தாண்டாத ஒரு பையன் ஆறே வரி எழுதியிருந்தான், மூன்று எழுத்துப்பிழையோடு. "ஐயா, தண்ணீர் எங்கள் வாசல்படி வரைக்கும் நிற்கிறது. தம்பி நேற்று வழுக்கி விழுந்துவிட்டான். சீக்கிரம் வாருங்கள்."

அன்றைக்கு விடைத்தாள் கட்டிலேயே அதிக மதிப்பெண் அவனுக்குத்தான் போட்டேன்.