பட்டறையில் நின்ற ஆண்டுகளையும் சொல்லுங்கள்

நடுவர் அவர்களே, எதிரணியில் பேசி அமர்ந்த பெரியவர் அவர்களே, முன்வரிசையில் பதக்கங்களோடு வந்திருக்கும் முன்னாள் படைவீரர்களே, திருவெறும்பூர், துவாக்குடி மக்களே, எல்லோருக்கும் வணக்கம்.

ராணுவத்திலும் ஆலையிலும் பணியாற்றி மறைந்த ஒருவரை ஊர் முதலில் நினைக்க வேண்டியது எல்லையில் நின்றதற்காகவா, பட்டறையில் உழைத்ததற்காகவா? இதுதான் தலைப்பு. நான் பட்டறைக்காகப் பேச வந்திருக்கிறேன். என் அப்பா இரண்டிலும் இருந்தவர். அந்த உரிமையில்தான் இந்தப் பக்கத்தைக் கேட்டு வாங்கினேன்.

எதிரணிப் பெரியவர் இரண்டு விஷயம் சொன்னார். ராணுவத்தில் உயிரைப் பணயம் வைத்தார்கள், ஆலையில் சம்பளத்துக்கு வேலை செய்தார்கள் என்பது ஒன்று. ஆலைத் தொழிலையே ராணுவம்தான் கற்றுக்கொடுத்தது என்பது இன்னொன்று.

முதலில் எல்லையைப் பற்றியே பேசுகிறேன். அப்பா மதராஸ் சாப்பர், அதாவது ராணுவத்தின் பொறியாளர் படையைச் சேர்ந்தவர்; 9-வது பொறியாளர் ரெஜிமெண்ட். 1971 டிசம்பரில், பாகிஸ்தானோடு நடந்த போரில், ஷகர்கர் பகுதியில், பசந்தர் ஆற்றங்கரையில், கண்ணிவெடி புதைத்த நிலத்தில் டாங்கிகளுக்குப் பாதை திறந்த படை அது. இருட்டில் செய்த வேலை. பாதை முழுதாகத் திறக்கும் முன்பே டாங்கிகள் உள்ளே போக வேண்டி வந்தது. அடுத்து நடந்த சண்டையில்தான் 21 வயது டாங்கிப் படை அதிகாரி அருண் கேதர்பால் உயிர் கொடுத்தார், பரம் வீர் சக்ரா பெற்றார். இதையெல்லாம் குறைத்துச் சொல்ல எனக்கு மனசு வராது. கேட்கும்போதெல்லாம் இன்றும் உடம்பு சிலிர்க்கிறது.

ஆனால் நடுவர் அவர்களே, இந்தக் கதை எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். அதே மனிதர் அதற்கப்புறம் இருபது வருஷத்துக்கு மேல் திருச்சி பெல் (BHEL) ஆலையில் வெல்டராக என்ன செய்தார் என்று கேட்டால், 'பெல்லில் இருந்தார்' என்பதோடு முடித்துவிடுகிறார்கள். போருக்கு ஒரு நாள் உண்டு, ஓர் ஆறு உண்டு, ஒரு முடிவு உண்டு. அதனால் அது கதையாகி வாய்வழி நிற்கிறது. ஷிஃப்டுக்கு அப்படி எதுவும் கிடையாது. சங்கு ஊதினால் உள்ளே, சங்கு ஊதினால் வெளியே. சொல்வதற்குச் சுலபமானதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு, அதையே அவருடைய வாழ்க்கை என்று சொல்லிவிட முடியுமா?

அவர் செய்த வேலையைச் சொல்கிறேன், கேளுங்கள். பெல்லில் செய்வது அனல்மின் நிலையக் கொதிகலன். 210 மெகாவாட் அலகு ஒன்றில் நீராவி சுமார் 540 டிகிரி வெப்பத்தில், சதுர சென்டிமீட்டருக்கு 150 கிலோ அளவு அழுத்தத்தில் ஓடும். அதைத் தாங்கி நிற்பவை குழாய்கள். குழாயும் குழாயும் சேரும் இடம் ஒரு வெல்டரின் கை. ஒரு கொதிகலனுக்கு இப்படி ஆயிரக்கணக்கான இணைப்புகள். போட்ட இணைப்பை எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். உள்ளே ஊசிமுனை அளவு காற்றுக்குமிழி இருந்தாலோ, கசடு மாட்டியிருந்தாலோ பிலிமில் தெரிந்துவிடும். அளவை மீறியிருந்தால் அறுத்துவிட்டு மறுபடி போட வேண்டும். யார் போட்டது என்ற பேச்சுக்கே இடமில்லை. ஏனென்றால் இணைப்புக்குப் பக்கத்தில் வெல்டரின் எண்ணைப் பொறித்திருப்பார்கள்.

அப்பாவின் ராணுவ எண் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம். பென்ஷன் புத்தகத்தில் இருக்கிறது, கேன்டீன் கார்டில் இருக்கிறது. அவருடைய வெல்டர் எண் எங்கே இருக்கிறது? யாரும் எட்டிப் பார்க்க முடியாத கொதிகலன்களுக்குள் இருக்கிறது. மேட்டூரில் 1987-லிருந்து வரிசையாக ஓடத் தொடங்கிய 210 மெகாவாட் அலகுகள் பெல் செய்தவை. அந்த மின்சாரத்தில் பம்புசெட் ஓடியது, நாம் பரீட்சைக்குப் படித்தோம்.

சம்பளத்துக்குச் செய்த வேலை என்றார் பெரியவர். சரி, ராணுவத்திலும் சம்பளம் உண்டு. அதனால் அங்கே தியாகம் குறைந்துவிடவில்லையே! பிறகு இங்கே மட்டும் எப்படிக் குறையும்? கனமான எஃகுத் தகட்டை வெல்டு வைக்கும் முன் நூறு டிகிரிக்கு மேல் சூடேற்றுவார்கள். அந்தச் சூட்டை வைத்துக்கொண்டே கொதிகலனின் டிரம் என்ற பெரிய உருளைக்குள் இறங்கி, குந்தி உட்கார்ந்து வேலை செய்தவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறார்கள். வெல்டிங் வெளிச்சம் பட்ட இரவுகளில் கண்ணில் மணல் கொட்டியது போல அப்பா துடிப்பார். அம்மா உருளைக்கிழங்கை வெட்டிக் கண்மேல் வைப்பார். காலையில் மறுபடி அதே முகமூடி, அதே பட்டறை. இதற்கு யாரும் பதக்கம் குத்தவில்லை.

ராணுவம்தான் கற்றுக்கொடுத்தது என்பதற்கு வருகிறேன். உண்மைதான். பெங்களூரில் சாப்பர் பயிற்சியில்தான் அவர் தொழில் கற்றார். ஆனால் அங்கே கற்றதை இங்கே யாருக்குக் கொடுத்தார் என்பதல்லவா கேள்வி? ஐ.டி.ஐ. முடித்து வந்த எத்தனையோ பையன்களுக்குக் கை பிடித்து முதல் ரூட், அதாவது இணைப்பின் அடி வெல்டு, போட வைத்தார். துவாக்குடியில் பெல்லை நம்பி வளர்ந்த சிறு பட்டறைகளில் அவர்களில் சிலர் இன்று முதலாளிகள். வளைகுடாவுக்குப் போய் வீடு கட்டியவர்களும் உண்டு. எல்லையில் அவர் நாட்டைக் காத்தார், ஒப்புக்கொள்கிறேன். ஒவ்வொரு குடும்பமாக நிமிர்த்தி வைத்தது இங்கேதான்.

வீரனை நினைக்க நம் மண்ணுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. செங்கம் பக்கம் போனால் பல்லவர் காலத்து நடுகற்கள் இன்றும் நிற்கின்றன. கல்லில் வீரன் இருக்கிறான், அவன் கையில் வாள் இருக்கிறது. அந்த வாளை அடித்த கொல்லனுக்குக் கல் இல்லை. இன்றும் படைவீரருக்கு டிசம்பர் 7 கொடி நாள் இருக்கிறது, டிசம்பர் 16 வெற்றி நாள் இருக்கிறது. இருக்கட்டும், இருக்க வேண்டும். அந்தப் பக்கம் நினைவுக்குக் குறைவில்லை என்பதால்தான் இந்தப் பக்கம் நின்று வாதாடுகிறேன்.

மணி அடித்துவிட்டது, ஒரே ஒரு வேண்டுகோள். நம் ஊரில் கண்ணீர் அஞ்சலி பிளெக்ஸ் அடிக்கும்போது சீருடைப் படம் போடுகிறோம், ரெஜிமெண்ட் பெயர் போடுகிறோம். கீழே இன்னும் இரண்டு வரி சேருங்கள்: எந்தப் பட்டறை, என்ன வேலை. இரங்கல் கூட்டத்தில் அவரிடம் தொழில் கற்ற ஒருவரையாவது மேடையேற்றிப் பேச விடுங்கள். தீர்ப்பு பட்டறையின் பக்கம் வர வேண்டும் என்று நடுவர் அவர்களைக் கேட்டு அமர்கிறேன். நன்றி, வணக்கம்.