நூற்றில் ஆறு

அனைவருக்கும் வணக்கம். பென்னாகரம், அரூர் பக்கத்திலிருந்து பஸ் பிடித்து வந்தவர்களும் இருக்கிறீர்கள். ஊத்தங்கரை, தளி பக்கத்திலிருந்து வந்தவர்களும் இருக்கிறீர்கள். கடைசி பஸ்ஸுக்கு முன்னால் முடித்துவிடுகிறேன்.

உள்ளாட்சித் தேர்தல் முடிவு வரும் நாளில் டிவியில் ஒரு தமிழ்நாட்டு வரைபடம் போடுகிறார்கள். மாவட்டம் மாவட்டமாக வண்ணம் அடித்திருக்கும். கீழே கட்சி வாரியாக எண்கள் ஓடும். தருமபுரி ஒரு நிறம், கிருஷ்ணகிரி ஒரு நிறம். டீக்கடைப் பேச்சு அதோடு முடிந்துவிடும். அந்தப் படம் பொய் என்று நான் சொல்லவில்லை. அது எதனுடைய படம் என்பதுதான் என் கேள்வி.

2019 டிசம்பர் 27, 30 ஆகிய இரண்டு நாளில் 27 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. பதவிகள் மொத்தம் 91,975. வார்டு மெம்பர் 76,746. ஊராட்சித் தலைவர், அதாவது நம் ஊர்ப் பேச்சில் பிரசிடெண்ட், 9,624. ஒன்றியக் கவுன்சிலர் 5,090. மாவட்டக் கவுன்சிலர் 515. இந்த நான்கில் கட்சிச் சின்னத்தில் போட்டி நடப்பது கடைசி இரண்டுக்கு மட்டும்தான். கூட்டிப் பாருங்கள்: 5,605. நூற்றுக்கு ஆறு. மீதி 94 பேர் பூட்டு சாவி, ஆட்டோ மாதிரிக் கட்சிக்குச் சொந்தமில்லாத சின்னத்தில் ஜெயித்தவர்கள், அல்லது போட்டியே இல்லாமல் வந்தவர்கள். டிவி படத்தில் அவர்களுக்கு நிறமே கிடையாது.

இதற்கு 'அவர்களும் ஏதாவது ஒரு கட்சிக்காரர்தானே' என்று பதில் வரும். ஊருக்குள் எல்லோருக்கும் தெரியும்தான். ஆனால் அந்தக் கணக்கை யாரும் அதிகாரப்பூர்வமாக எடுப்பதில்லை, எடுக்கவும் முடியாது. ஜெயித்த மறுநாள் ஒரே பிரசிடெண்டை இரண்டு கட்சிக்காரர்களும் சால்வையோடு போய்ப் பார்ப்பார்கள். 'எங்கள் தலைவர்கள் இத்தனை பேர்' என்று இரண்டு பக்கமும் சொல்லும் எண்களைக் கூட்டினால் ஊராட்சிகளின் எண்ணிக்கையையே தாண்டிவிடும். கேரளாவில் கிராம ஊராட்சிக்கும் கட்சிச் சின்னம் உண்டு. ஓசூர்க்காரர்களுக்குத் தெரிந்த கர்நாடகத்தில் கிராமப் பஞ்சாயத்துக்குக் கட்சி கிடையாது. அங்கே தலைவரை உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். நம்மிடம் கட்சி இல்லை, ஆனால் தலைவரை நேராக மக்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். மூன்று மாநில முடிவையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்க முடியாது.

இன்னொரு எண்ணையும் பாருங்கள். அதே தேர்தலில் 18,570 பேர் அன்னபோஸ்ட். போட்டியே இல்லாமல் வந்தவர்கள். அதில் வார்டு மெம்பர் 18,137, தலைவர் 410, ஒன்றியக் கவுன்சிலர் 23. மாவட்டக் கவுன்சிலரில் ஒருவரும் இல்லை. வார்டு மெம்பரில் ஏறக்குறைய நாலில் ஒருவர் ஓட்டே இல்லாமல் உள்ளே வந்திருக்கிறார். படி ஏற ஏற அன்னபோஸ்ட் குறைந்துகொண்டே போகிறது. கீழே காரணம் பல: ஆளே கிடைக்காத வார்டு, சொந்தக்காரர்கள் உட்கார்ந்து பேசி முடித்த வார்டு, கோயிலில் வைத்து ஏலம் விட்ட பதவி. ஏலம் சட்டப்படி குற்றம் என்பது எல்லோருக்கும் தெரியும்; முடிவுப் பட்டியலில் மட்டும் அது 'போட்டியின்றித் தேர்வு' என்ற ஒரே வரியில் மறைந்துவிடுகிறது. முடிவைப் படிக்கிறவர் அந்த வரியைத் தாண்டிப் போகக் கூடாது.

இனி எண்ணும் மேசைக்கு வருவோம். ஏஜெண்டாக உட்காரப் போகிறவர்கள் இந்த இடத்தைக் கவனமாகக் கேளுங்கள்.

ஊரகத்தில் மெஷின் இல்லை, வாக்குச்சீட்டுதான். ஒரு வாக்காளர் கையில் நான்கு சீட்டு. வார்டு மெம்பருக்கு வெள்ளை. ஒரே பூத்தில் இரண்டு வார்டு ஓட்டுப் போட்டால் இன்னொரு வார்டுக்கு இளநீலம். தலைவருக்கு இளஞ்சிவப்பு. ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சை. மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள். நான்கும் ஒரே பெட்டிக்குள் விழுகின்றன. பெட்டமுகிலாளம் மாதிரி மலை ஊராட்சியிலிருந்து இறங்கி வந்த பெட்டியானாலும், ரோட்டோரத்துப் பெட்டியானாலும், ஒன்றிய அளவிலான எண்ணும் மையத்தில் மேசைமேல் கொட்டினால் முதல் வேலை நிறம் பிரிப்பதுதான். ராயக்கோட்டை மண்டியில் தக்காளி தரம் பிரிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே வேகம், அதே சலிப்பு. அதனால்தான் மெஷின் ஓட்டு மதியத்துக்குள் முடியும்போது இது மறுநாளையும் தொடுகிறது. 2020 ஜனவரி 2-ஆம் தேதி காலை தொடங்கிய எண்ணிக்கை பல இடங்களில் 3-ஆம் தேதியும் நடந்தது.

நிறம் பிரித்த பிறகு ஐம்பது ஐம்பதாகக் கட்டுவார்கள். பெட்டியில் எத்தனை சீட்டு இருக்க வேண்டும் என்பது பூத் அலுவலர் எழுதிக் கொடுத்த கணக்கில் இருக்கும். பூத் ஏஜெண்டு அந்தக் கணக்கின் நகலை வாக்குப்பதிவு அன்றே வாங்கியிருக்க வேண்டும். அது கையில் இல்லாமல் எண்ணும் மையத்துக்குப் போவது, எடைச்சீட்டு இல்லாமல் மாங்காய் லாரியோடு ஃபேக்டரிக்குப் போவது மாதிரி. அவர்கள் சொன்னதுதான் எடை.

பிழை எங்கே நடக்கும்? கட்டுக்குள் ஒரு சீட்டு மாறி நுழைந்தால் ஒருவருக்கு ஒன்று குறையும், இன்னொருவருக்கு ஒன்று கூடும். வித்தியாசம் இரண்டு மாறும். முழுக் கட்டும் இடம் மாறி அடுத்த வேட்பாளரின் தட்டில் விழுந்தால் வித்தியாசம் நூறு மாறும். ஐம்பது இல்லை, நூறு. சில நூறு ஓட்டு உள்ள வார்டில் அது தேர்தலையே புரட்டிவிடும். ஆகவே ஏஜெண்டின் கண் அதிகாரியின் முகத்தில் இருக்கக் கூடாது. தட்டில் இருக்க வேண்டும். கட்டின் மேல் சீட்டை மட்டும் பார்த்துவிட்டுத் தலையாட்டக் கூடாது. ஓரத்தை விசிறி மாதிரி விரிக்கச் சொல்லி ஒவ்வொரு முத்திரையும் ஒரே சின்னத்துக்கு நேராக விழுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ரப்பர் பேண்டு போட்ட பிறகு கேட்பதைவிடப் போடுவதற்கு முன்னால் கேட்பது எளிது.

செல்லாத ஓட்டில்தான் சண்டை வரும். முத்திரையே இல்லாத சீட்டு செல்லாது. இரண்டு பேருக்குக் குத்தியது செல்லாது. கைநாட்டு வைத்தது, பேர் எழுதியது, ஓட்டுப் போட்டவர் யாரென்று காட்டும் குறி எதுவானாலும் செல்லாது. இதுவரை தகராறு இல்லை. தகராறு மடிப்பில் இருக்கிறது. வேட்பாளர்களின் பேர் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும் சீட்டை முதலில் நெடுக்காக மடிக்க வேண்டும், பிறகு குறுக்காக. நெடுக்காக மடித்தால் ஈர மை ஒட்டினாலும் அதே வேட்பாளரின் கட்டத்துக்குள்ளேயே ஒட்டும். முதலிலேயே குறுக்காக மடித்தால் மேலே குத்திய முத்திரையின் நிழல் கீழே இருப்பவரின் சின்னத்தில் விழும். பார்வைக்கு இரண்டு முத்திரை. எதிர்த்தரப்பு ஏஜெண்டு உடனே 'செல்லாது' என்று கத்துவார். கத்தினால் செல்லாததாகிவிடாது. எது குத்தியது, எது ஒட்டியது என்று தெளிவாகத் தெரிந்தால் அந்த ஓட்டு செல்லும். எப்படித் தெரியும்? ஒட்டிய நிழல் மங்கலாக இருக்கும். முத்திரையில் இருக்கும் அம்புகள் சுழலும் திசை கண்ணாடியில் பார்த்ததுபோல் எதிராக இருக்கும். சீட்டை அதே மடிப்பில் திரும்ப மடித்தால் ஒன்று இன்னொன்றின்மேல் சரியாகப் படியும். வாய்ச்சண்டை வேண்டாம், மடித்துக் காட்டுங்கள்.

நான்கு சீட்டும் தனித்தனி என்பதையும் மறக்க வேண்டாம். ஒருவர் போட்ட மஞ்சள் செல்லாமல் போகலாம், பச்சை செல்லலாம். நான்கு நிறம், நான்கு சின்ன வரிசை, கையில் ஒரு முத்திரை, பின்னால் நிற்கும் வரிசையின் அவசரம். தெலுங்கும் கன்னடமும் வீட்டில் பேசுகிற தளி, வேப்பனப்பள்ளி பக்கம் பேரைவிடச் சின்னம்தான் வழி. ஆகவே முடிவைப் படிக்கும்போது வெற்றி வித்தியாசத்தையும் செல்லாத ஓட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஒருவர் 12 ஓட்டில் ஜெயித்திருக்கிறார், செல்லாதது 31 என்று வைத்துக்கொள்வோம். அந்த வார்டு மக்கள் அவர் பக்கம் என்று அடித்துச் சொல்ல முடியாது.

மறு எண்ணிக்கைக்கு நேரம் மிகக் குறுகியது. மொத்தத்தை அறிவித்த பிறகு, முடிவை அறிவிப்பதற்கு முன். அந்த இடைவெளியில் எழுத்து மூலம், காரணத்தோடு கேட்க வேண்டும். 'திரும்ப எண்ணுங்கள்' என்று எழுதினால் போதாது. எந்தக் கட்டு, எத்தனை சீட்டு, என்ன ஆட்சேபம் என்று இருக்க வேண்டும். மறுத்தால் அதிகாரி காரணத்தை எழுத வேண்டும். சரிசமமாக வந்தால் குலுக்கல். முடிவை அறிவித்துவிட்டால் மையத்தின் வாசலில் மறியல் செய்து பயனில்லை. முடிவு வெளியான 45 நாளுக்குள் மாவட்ட நீதிமன்றத்தில் தேர்தல் மனு போடுவதுதான் வழி. ஆட்சேபத்தை அன்றே எழுதிக் கொடுக்காதவருக்கு அங்கேயும் பிடி இருக்காது.

தலைவர் ஜெயித்ததும் ஊர் பட்டாசு வெடிக்கிறது. வார்டு முடிவை யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை. அங்கேதான் அடுத்த ஐந்து வருஷம் இருக்கிறது. துணைத் தலைவரை வார்டு மெம்பர்கள் தங்களுக்குள்ளேயே தேர்ந்தெடுக்கிறார்கள். ஊராட்சிக் காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். தலைவர் ஒரு அணி, வார்டில் பெரும்பான்மை இன்னொரு அணி என்றால் போர்வெல் மோட்டார் ரிப்பேருக்குக் கூட பணம் நகராது. 'பிரசிடெண்ட் நல்லவர்தான், ஒன்றும் செய்யவில்லை' என்று சொல்லப்படுகிற பல ஊர்களின் பாதிக் கதை இந்த இரண்டாவது கையெழுத்துதான். தருமபுரியில் 251, கிருஷ்ணகிரியில் 333 ஊராட்சி. ஒவ்வொன்றுக்கும் தலைவரின் பேருக்குப் பக்கத்தில் வார்டுக் கணக்கையும் போட்டால்தான் அது முடிவு.

மேலேயும் இதே கதைதான். ஒன்றிய சேர்மனையும் மாவட்ட ஊராட்சித் தலைவரையும் மக்கள் நேராகத் தேர்ந்தெடுப்பதில்லை. கவுன்சிலர்கள் கூடி ரகசிய ஓட்டில் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்த முறை ஜனவரி 2-இல் எண்ணி, 6-இல் பதவி ஏற்று, 11-ஆம் தேதிதான் சேர்மன் தேர்தல். இடையில் எத்தனை நாள் என்று எண்ணிக்கொள்ளுங்கள். எதிர்த்தரப்பு இழுத்துவிடாதபடி கவுன்சிலர்களை டூர் கூட்டிப் போகிற நாட்கள் அவை. 11-ஆம் தேதி பல இடங்களில் கோரம், அதாவது கூட்டம் நடத்த வேண்டிய குறைந்தபட்ச ஆட்கள், இல்லாமல் கூட்டமே தள்ளிப்போனது; ஒரு தரப்பு வராமல் இருப்பதே போதும். அந்தப் படத்தில் 2-ஆம் தேதி அடித்த வண்ணம் 11-ஆம் தேதி சில இடங்களில் மாறியது.

கடைசியாக, மாவட்டத்தை மாவட்டத்தோடு, வருஷத்தை வருஷத்தோடு ஒப்பிடுவது. இங்கே படித்தவர்களும் தடுக்கி விழுகிறார்கள். 2001 தருமபுரி முடிவையும் 2006 தருமபுரி முடிவையும் பக்கத்தில் வைத்து 'சரிந்தது, உயர்ந்தது' என்பார்கள். 2004 பிப்ரவரி 9-ஆம் தேதி கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் போய்விட்டது. பழைய தருமபுரியில் ஓசூரும் பர்கூரும் இருந்தன. பேர் ஒன்று, மாவட்டம் வேறு. நகராட்சி, மாநகராட்சியிலும் அப்படித்தான்: 2011-இல் நகராட்சித் தலைவரையும் மேயரையும் மக்களே தேர்ந்தெடுத்தார்கள்; 2022-இல் கவுன்சிலர்கள் தேர்ந்தெடுத்தார்கள். அதற்குள் ஓசூர் நகராட்சி 45 வார்டு உள்ள மாநகராட்சி ஆகியிருந்தது. இந்த இரண்டு முடிவையும் வைத்து எந்தக் கட்சி வளர்ந்தது என்று யாராவது கிராஃப் போட்டுக் காட்டினால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

2020 முடிவையே 'தமிழ்நாட்டு முடிவு' என்று சொல்வதிலும் கோளாறு உண்டு. 2016 அக்டோபரில் நடக்க வேண்டிய தேர்தலை அந்த மாதம் 4-ஆம் தேதி உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. மூன்று வருஷத்துக்கு மேல், தேர்ந்தெடுத்தவர்களுக்குப் பதிலாக அரசு வைத்த தனி அலுவலர்கள்தான் நிர்வாகம் பார்த்தார்கள். பிறகு 2019 டிசம்பர் 6-ஆம் தேதி உச்ச நீதிமன்றம், புதிதாகப் பிரித்த ஒன்பது மாவட்டங்களை விட்டுவிட்டு மற்றவற்றில் நடத்தச் சொன்னது. விழுப்புரம், வேலூர், காஞ்சிபுரம், திருநெல்வேலி என்ற நான்கு பழைய மாவட்டங்களிலிருந்து வந்த ஒன்பது. அங்கே 2021 அக்டோபரில்தான் ஓட்டு. தலைவர் பதவி இங்கே 9,624, அங்கே 2,901. கூட்டினால்தான் 12,525 ஊராட்சியும் வருகிறது. இரண்டு தேர்தலுக்கும் நடுவில் சட்டமன்றத் தேர்தல் வந்து ஆட்சியே மாறிவிட்டது. ஆளுங்கட்சி எது என்பது உள்ளாட்சி ஓட்டைத் தொடாது என்று நினைக்கிறவர் யாரும் இந்தக் கூட்டத்தில் இருக்க மாட்டார். ஆகவே இரண்டையும் ஒட்டுப்போட்டு ஒரே படமாக வரைந்தால் அதில் இரண்டு காலம் இருக்கும்.

நம் இரண்டு மாவட்டமும் முதல் தொகுப்பு. 2020 ஜனவரி 6-இல் பதவி ஏற்றவர்களின் காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்து, மறுநாள் முதல் தனி அலுவலர்கள் வந்தார்கள். ஒன்பது மாவட்டங்களில் அன்றைக்குப் பிரசிடெண்டுகள் பதவியில்தான் இருந்தார்கள். சிங்காரப்பேட்டை எல்லையைத் தாண்டித் திருப்பத்தூருக்குள் போனால் ஊராட்சி அலுவலகப் பலகையில் தலைவர் பேர் இருந்தது. இந்தப் பக்கம் இல்லை. அடுத்த முறை டிவியில் வண்ணப் படம் வரும்போது, அதில் எத்தனை மாவட்டம் ஓட்டுப் போட்டிருக்கிறது என்று முதலில் எண்ணிப் பாருங்கள். கேள்விகள் இருந்தால் கேளுங்கள், அரூர் பஸ்ஸுக்கு இன்னும் இருபது நிமிஷம் இருக்கிறது.