34 கேப்சூல்களும் ஒரு மோவாய் சிலையும்

வணக்கம் நண்பர்களே. இன்று பேசிக்கொண்டே விளையாடப் போகிறேன். திரையில் நீங்கள் பார்ப்பது கிரேடியஸ். 1985-இல் ஜப்பானின் கொனாமி நிறுவனம், காசு போட்டு விளையாடும் ஆர்கேட் கூடங்களுக்காக வெளியிட்ட விண்வெளிச் சண்டை விளையாட்டு. ஜப்பானுக்கு வெளியே நெமிசிஸ் என்ற பெயரில் போனது. நான் விளையாடுவது 2025-இல் வந்த கிரேடியஸ் ஒரிஜின்ஸ் தொகுப்பில் இருக்கும் அதே ஆர்கேட் வடிவம். தவறு செய்தால் ஆட்டத்தைப் பின்னோக்கி ஓட்டும் வசதியைத் தொடமாட்டேன். ஏன் என்பது போகப்போக உங்களுக்கே தெரியும்.

இந்த வெள்ளைக் கலத்தின் பெயர் விக் வைப்பர். எவ்வளவு மெதுவாக நகர்கிறது பாருங்கள். கையில் ஒற்றைத் துப்பாக்கி, வேறு எதுவும் இல்லை. இதோ ஒரு கூட்டம் வரிசையாக வருகிறது. ஒன்றுவிடாமல் சுட்டால்தான் கடைசியாக விழுந்தவன் இருந்த இடத்தில், ஆயுதம் வாங்க உதவும் கேப்சூல் தோன்றும். ஒன்று தப்பினாலும் கிடைக்காது. தனியாக வரும் சிவப்பு எதிரிகளிடமும் ஒரு கேப்சூல் இருக்கும். எப்போதாவது நீல கேப்சூல் வரும். அதை எடுத்தால் திரையிலுள்ள எதிரிகள் அத்தனை பேரும் ஒரே நொடியில் காலி.

இப்போது திரையின் அடியைப் பாருங்கள். ஆறு கட்டங்கள் உள்ள ஒரு பட்டி. வேகம், ஏவுகணை, டபுள், லேசர், ஆப்ஷன், கடைசியில் ஒரு கேள்விக்குறி. ஒரு கேப்சூல் எடுத்தால் முதல் கட்டம் ஒளிரும், இன்னொன்று எடுத்தால் இரண்டாவது கட்டம். ஒளிரும் இடத்தில் பொத்தானை அழுத்தினால் அந்த ஆயுதம் நம்முடையது, பட்டி மறுபடியும் வெறுமையாகிவிடும். அதாவது வேகத்தின் விலை ஒரு கேப்சூல், லேசரின் விலை நான்கு, ஆப்ஷனின் விலை ஐந்து. வேறு விளையாட்டுகளில் வழியில் கிடக்கும் ஆயுதத்தை எடுத்தவுடன் அது கலத்தில் ஏறிவிடும். இங்கே உண்டியலில் காசு சேர்ப்பது போலச் சேர்க்கவேண்டும், எப்போது உடைப்பது என்று நாமே முடிவு செய்யவேண்டும். குண்டுகள் பறந்துகொண்டிருக்கும்போது அந்த முடிவை எடுக்கவேண்டும். இந்த ஒரு யோசனைக்காகவே இதை உருவாக்கியவர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். இரண்டு முறை வேகம், அதற்கு 2. ஏவுகணைக்கு 2, லேசருக்கு 4. ஆப்ஷன் நான்கு வரை சேர்த்துக்கொள்ளலாம், அதற்கு 20. கேள்விக்குறி என்பது கலத்தின் முன்பக்கம் நிற்கும் கேடயம், அதற்கு 6. ஆக 34 கேப்சூல்கள். முழு ஆயுதத்துடன் நிற்கும் விக் வைப்பரின் விலை இதுதான். டபுளை நான் கணக்கில் சேர்க்கவில்லை. முன்னால் ஒன்றும் மேலே சாய்வாக ஒன்றும் சுடும் ஆயுதம் அது. லேசரை எடுத்தால் டபுள் போய்விடும், டபுளை எடுத்தால் லேசர் போய்விடும். அவசரத்தில் மூன்றாம் கட்டத்தில் விரல் பட்டுவிட்டால் நான்கு கேப்சூல் கொடுத்து வாங்கிய லேசர் கண்ணெதிரே மறைந்துவிடும்.

வேகத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. மலிவாகக் கிடைக்கிறதே என்று ஐந்து முறை அழுத்திவிடாதீர்கள். ஒருமுறை போட்ட வேகத்தைக் கழற்ற முடியாது. குறுகிய இடத்தில் விரல் இலேசாக அசைந்தாலே கலம் சுவரில் மோதிவிடும். எனக்கு இரண்டு போதும்.

விளையாட்டின் முதல் நிலையின் எரிமலைகள் வந்துவிட்டன. இரண்டு மலைகளும் பாறைகளைக் கக்குகின்றன. ஒரு பக்கமாக நின்று, விழும் பாறைகளைச் சுட்டுக்கொண்டே இருக்கவேண்டும். முடிந்தது. அடுத்து பிக் கோர் வருகிறது. நான்கு லேசர்களை ஒன்றாக வீசும் பெரிய கலம் அது. நடுவில் நீலக் கரு, அதற்கு முன்னால் தடுப்புகள். தடுப்புகளை ஒவ்வொன்றாக உடைத்துக் கருவைத் தொடவேண்டும். நேருக்கு நேராக நின்று, சுட்டு, விலகி, மறுபடியும் நேராக வந்து... உடைந்துவிட்டது.

இரண்டாம் நிலையில் பெரிதாகச் சொல்ல எதுவும் இல்லை. ஆப்ஷனைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும், அதனால் விளையாடிக்கொண்டே அதைச் சொல்லிவிடுகிறேன். ஆப்ஷன் என்பது கலத்தின் பின்னால் வரும் ஆரஞ்சு நிற ஒளிக்கோளம். நாம் சுடும்போது அதுவும் சுடும், நாம் ஏவுகணை விட்டால் அதுவும் விடும். எதிரியின் குண்டு அதை ஒன்றும் செய்யாது. இதில் எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. கலம் போன பாதையிலேயே அதுவும் அடி பிசகாமல் வரும். கலம் நின்றால் அதுவும் இருந்த இடத்திலேயே நின்றுவிடும். இப்போது நான் கீழிருந்து மேலாக நேராக ஏறி நிற்கிறேன், பாருங்கள். நான்கு கோளங்களும் எனக்குக் கீழே ஒரு தூண் போல நிற்கின்றன. சுட்டால் ஐந்து லேசர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாகப் போகின்றன. கோலம் போடுபவர் கையை எப்படி இழுக்கிறாரோ அப்படித்தான் கோடு விழும், இதுவும் அப்படித்தான். நாம் நகர்ந்த விதமே நம் ஆயுதத்தின் வடிவம். நுழைய முடியாத மூலையில் எதிரி இருந்தால், அந்தப் பக்கமாக ஒருமுறை போய்வந்து ஒரு கோளத்தை அங்கே நிறுத்திவிட்டுச் சுடலாம். நாற்பது ஆண்டுகளுக்கு முன் ஒருவர் இதை யோசித்திருக்கிறார் என்பது இன்றும் எனக்கு வியப்பாக இருக்கிறது.

இந்த இசையையும் கவனியுங்கள். மிகி ஹிகாஷினோ அமைத்தது. இந்த விளையாட்டின் முதல் ஆர்கேட் பெட்டிகள் காந்தக் குமிழி நினைவகத்தில் இயங்கின. அந்த நினைவகம் சூடேறிய பிறகே வேலை செய்யும். பெட்டியைப் போட்டதும் திரையில் எண்கள் குறைந்துகொண்டே வர, ஒரு மெல்லிய பாட்டு ஒலிக்கும். காலை இசை என்று அதற்கே ஒரு பெயர் உண்டு. கடையைத் திறப்பவரின் காதில் விழும் முதல் ஒலி அதுவாகத்தான் இருந்திருக்கும்.

சரி, மூன்றாம் நிலை. மோவாய் சிலைகள். ஈஸ்டர் தீவின் அந்தப் பெரிய கல்முகங்கள்தான். இங்கே வாயைத் திறந்து வளையங்களைத் துப்புகின்றன. வாய்க்குள் சுட்டால்தான் சிலை உடையும். என்னிடம் இப்போது எல்லாம் இருக்கிறது: லேசர், ஏவுகணை, நான்கு ஆப்ஷன், கேடயம். ஒன்றைக் கவனித்தீர்களா? எதிரிகள் முன்பைவிட அதிகமாகச் சுடுகிறார்கள். நம் பலம் கூடக்கூட விளையாட்டும் தன் கடுமையைக் கூட்டிக்கொள்கிறது. மேலே இரண்டு சிலைகள், கீழே மூன்று, வளையங்கள் குறுக்கும் நெடுக்குமாக...

போய்விட்டது.

ஒரு வளையம்தான். மேலிருந்து சாய்வாக வந்தது. கேடயம் முன்பக்கத்தை மட்டுமே காக்கும். 34 கேப்சூல்களும் ஒரே நொடியில் போய்விட்டன. இந்த விளையாட்டில் உயிர் போனால் ஆயுதம் எதுவும் மிஞ்சாது. நிலையின் நடுவில் குறித்து வைத்த இடத்திலிருந்து, தொடக்கத்தில் பார்த்த அதே மெதுவான கலத்தோடு மறுபடியும் புறப்படவேண்டும்.

பெரும்பாலோர் கட்டுப்பாட்டுக் கருவியைக் கீழே வைத்துவிடும் இடம் இது. உண்மையான கிரேடியஸ் இங்கேதான் தொடங்குகிறது என்று நான் நினைக்கிறேன். முழு ஆயுதத்தோடு பறப்பது அழகான ஊர்வலம். ஒன்றுமில்லாமல் சிலைகளுக்கு நடுவே நிற்கும்போதுதான் கையும் கண்ணும் மூளையும் முழுதாக விழிக்கின்றன. இதற்காகத்தான் பின்னோக்கி ஓட்டுவதில்லை என்றேன். அதைத் தொட்டால் இந்தப் பகுதியே இல்லாமல் போய்விடும்.

கசுஹிசா ஹஷிமோட்டோவின் கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். 1986-இல் இதை நின்டெண்டோவின் ஃபேமிகாம் என்ற வீட்டு விளையாட்டுக் கருவிக்கு மாற்றியவர். சோதித்துப் பார்க்கும்போது அவரால் விளையாட்டை முடிக்க முடியவில்லை. ஆகவே தன் வசதிக்காக ஒரு குறியீட்டை உள்ளே வைத்தார்: மேல், மேல், கீழ், கீழ், இடம், வலம், இடம், வலம், பி, ஏ. உடனே ஆயுதங்கள் வந்து சேரும். உலகமே கொனாமி குறியீடு என்று அதை அறிந்துகொண்டது. அவர் 2020-இல் காலமானார். விளையாட்டை ஃபேமிகாமுக்கு மாற்றியவருக்கே துணை தேவைப்பட்டது என்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

இரண்டாம் உயிர் இது. மீட்சிக்கென்று ஓர் ஒழுங்கு வைத்திருக்கிறேன். முதல் கேப்சூல் வேகத்துக்கு, யோசனையே வேண்டாம். முதல் சிலையின் வளையங்களைச் சுடாமல் அடியில் ஒட்டிப் போகிறேன். சிவப்பு எதிரி ஒன்று, எடுத்துவிட்டேன், அழுத்திவிட்டேன். வேகம் வந்துவிட்டது. கலம் மூச்சு விடுவது போல இருக்கிறது. அடுத்தது? மறுபடியும் வேகமா, ஏவுகணைக்குப் பொறுத்திருப்பதா? ஏவுகணை தரையோடு ஊர்ந்து போகும், கீழுள்ள சிலைகளின் வாய்க்கு அது எட்டாது. ஆகவே இன்னொரு வேகம். போதும், இனி வேகம் வேண்டாம்.

இனிமேல் சேர்க்கிறேன். எதையும் வாங்காமல் ஐந்து வரை பொறுக்கவேண்டும். ஒற்றைத் துப்பாக்கிதான், வாய் திறக்கும் நொடிக்காகக் காத்து அதன் உயரத்துக்கு வந்து சுடுகிறேன். சிலை உடைந்தது. ஒன்று. வளையம் வருகிறது, பின்னால் போகிறேன். இரண்டு. மூன்று, இது டபுளின் இடம், விரலை எடுத்துவிட்டேன். நான்கு. லேசர் ஒளிர்கிறது, ஆசையாகத்தான் இருக்கிறது. வேண்டாம், இன்னும் ஒன்று. அதோ மேலே ஒரு சிவப்பு எதிரி. இரண்டு வளையங்களுக்கு நடுவே போகவேண்டும். பேசாமல் இருக்கிறேன், மன்னியுங்கள்.

எடுத்துவிட்டேன். ஐந்தாம் கட்டம் ஒளிர்கிறது. அழுத்துகிறேன். இதோ, பின்னால் ஓர் ஆரஞ்சுக் கோளம்.